ரீஃப் டேங்க் (கடல் பவளத் தொட்டி) வைத்திருக்கிற நெல்லைக்காரர்களுக்கு: லேபிள் இல்லாத புழு மருந்தை வாங்காதீர்கள்

பாளையங்கோட்டையில் வீட்டு ஹாலில் 100 லிட்டர்கூட வராத ஒரு சின்ன ரீஃப் டேங்க் வைத்திருக்கிறேன். நம்ம பக்கத்துக் கடை ஒன்றில் (பெயர் வேண்டாம்) வாங்கிய சோவா (பூ மாதிரி இருக்கிற மென்பவளம்) ஒட்டிய கல்லோடு சிவப்பு பிளாட்வார்ம் என்கிற தட்டைப்புழு வந்து சேர்ந்தது. துரு நிறம், வாலில் மூன்று முனை, நீளம் சில மில்லிமீட்டர்தான். உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பிழைக்கிற ஜாதி, ஜோடிகூட வேண்டாம், தன் உடம்பிலிருந்தே குட்டியைப் பிரித்துவிடும். விட்டால் பவளத்தின்மேல் கம்பளி மாதிரி படர்ந்து லைட்டை மறைத்துவிடும்.

கடையில் போய்ச் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி, தானா போயிரும்" என்றார் ஓனர். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த விற்பனைத் தொட்டியின் கண்ணாடியிலேயே அதே புழு! அதைக் காட்டியதும் பேச்சு மாறி, மேசைக்கு அடியிலிருந்து ஒரு குட்டி பாட்டில் வந்தது. கம்பெனி பெயர் இல்லை, எத்தனை லிட்டருக்கு எத்தனை சொட்டு என்று இல்லை, விலை மட்டும் அசல் மருந்து விலை. முன்னே பின்னே ஏதாவது செய்யணுமா என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம், அப்படியே ஊத்துங்க."

மருந்து வேலை செய்தது, வினையே அதில்தான். இந்தப் புழு சாகும்போது அதன் உடம்பிலிருந்து விஷம் வெளியேறும், நாலைந்து செத்தால் தெரியாது, மொத்தமாகச் செத்தால் சின்ன டேங்க் தாங்காது. ராத்திரி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன, விடிவதற்குள் கிளவுன் மீன் ஜோடி போய்விட்டது, மஷ்ரூம் பவளம் எல்லாம் சுருங்கிக் கிடந்தது. கடைக்காரர் சொன்ன பதில்: "உங்க தண்ணி சரியில்ல." கூடவே, சிக்ஸ்லைன் ராஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று அடுத்த வியாபாரம். அந்த மீன் சில சமயம் புழுவைத் தின்னும், சில சமயம் திரும்பிக்கூடப் பார்க்காது.

அவர் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். முதலில் ஏர் டியூப் வைத்து, கண்ணில் படுகிற புழுவையெல்லாம் சில நாள் உறிஞ்சி எடுத்து எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கலந்து தயாராக இருக்க வேண்டும், புது கார்பனும் (விஷத்தை உறிஞ்சும் கரி) கையில் இருக்க வேண்டும். அப்புறம்தான் லேபிளில் போட்டிருக்கிற அளவுக்கு மருந்து, செத்து மிதப்பதை உடனுக்குடன் உறிஞ்சி எடுத்துவிட்டு, கார்பனை ஓடவிட்டு, தண்ணீரில் கால்பங்காவது மாற்ற வேண்டும்.

இன்னொன்று, அதே ஆள் தூத்துக்குடிக் கடலில் எடுத்த கல் பவளம் வேணுமா என்று மெதுவாகக் கேட்டார். அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1, அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியல், வழக்கு வந்தால் அவரா வந்து நிற்கப் போகிறார்?

அந்தக் கடையில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே சம்ப் (கீழே இருக்கிற பொது வடிகட்டித் தொட்டி) தண்ணீர்தான் சுற்றுகிறது. அதனால் இந்தப் பக்கம் சமீபத்தில் சோவாவோ மஷ்ரூமோ வாங்கியவர்கள், மத்தியானம் லைட் நன்றாக எரிகிற நேரத்தில் கண்ணாடியையும் கல்லின் மேல்பக்கத்தையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.