எட்டு மாதமாக என் முதுகுக்கடியில் உருளும் ஃபோம் ரோலர்

துடுப்பு வலிக்கப் போய்த் தோள் வலித்ததுதான் மிச்சம். கயாக்கில் (கால் நீட்டி உட்கார்ந்து துடுப்பு போடும் குறுகலான சிறு படகு) ஒரு மணி நேரம் போனாலே வலது தோள் கெஞ்சும். கூடப் பயிற்சி செய்பவர் எடுத்த வீடியோவைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. உடம்பு நட்டுவைத்த கம்பமாக நிற்கிறது, கைகள் மட்டும் தனியாகப் போய் வருகின்றன. முதுகு திரும்பவே இல்லை. அப்படித்தான், முதுகை இளக்க மேலே படுத்து உருளும் இந்த ரோலரை வாங்கினேன்.

45 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டம். நடுவில் வெற்றுக் குழாய், மேலே கரடுமுரடான நுரை. முதல் வாரம் ரப்பர் நாற்றம் அடித்தது, அப்புறம் போய்விட்டது. தினமும் என் எடையைத் தாங்கியும் இன்னும் நசுங்கவில்லை. மேடுகள் உறுத்தினால் துண்டு போர்த்திக்கொள்ளலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

கோபம் எல்லாம் கூடவே வந்த படத்தாளின் மேல்தான். கீழ்முதுகை உருட்டச் சொல்கிறது. உருட்டினேன், இரண்டு நாள் குனிய முடியவில்லை. கீழ்முதுகின் 5 எலும்புகள் முன்னும் பின்னும் வளையத் தோதானவை. இடம் வலமாக ஒவ்வொன்றும் ஓரிரு டிகிரிதான் திரும்பும். முதுகில் துடுப்புக்கு வேண்டிய திருப்பம் பெரும்பாலும் விலா எலும்புகள் சேரும் 12 எலும்புகளில் இருக்கிறது. ரோலரைத் தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனைக்கு நேராகக் குறுக்கே வைத்து, தலையைக் கைகளில் தாங்கி, மெல்லப் பின்னால் சாய வேண்டும். அந்த இடத்துக்கு இது அருமையான சாமான்.

தோளில் கோலை வைத்து உட்கார்ந்து திரும்பி, அதன் முனை போகும் இடத்தைச் சுவரில் குறித்துப் பார்த்தேன். உருட்டியதும் நான்கு விரல்கடை கூடுதலாகப் போனது. அரை மணி கழித்துப் பார்த்தால் பழைய இடம்! அதனால் உருட்டிய கையோடு, ஒருக்களித்துப் படுத்து மேல்கையை மறுபக்கம் விரிக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் கோடு நிலையாக நகர்ந்தது. அதில் ரோலரின் பங்கு கால்வாசி இருக்கலாம்.

இன்னொன்றை நான் தாமதமாகத்தான் கண்டேன். பின்தொடை இறுகியிருந்தால், கயாக்கில் கால் நீட்டி உட்கார்ந்ததும் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூனிவிடும். கூனியபடி திரும்பிப் பாருங்கள், பிறகு நிமிர்ந்து திரும்பிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். பின்தொடைக்கு இந்த ரோலர் எனக்கு உதவவில்லை. ஒரு சாதாரண நாடாவைப் பாதத்தில் மாட்டி இழுத்ததுதான் வேலை செய்தது.

தோள் இப்போது எப்போதாவதுதான் முனகுகிறது. ஐந்துக்கு மூன்றரை. அந்தப் படத்தாளைத் தூக்கிப் போட்டால் நான்கு கொடுப்பேன்.