சேலத்து போர்வெல் தண்ணீருக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டி: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

பேனா டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டுவது), பிஎச் தாள், கடினத்தன்மைக்கும் காரத்தன்மைக்கும் குளோரைடுக்கும் சொட்டு பாட்டில்கள், புளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் வண்ண அட்டைகள், கிருமி பார்க்க மூன்று குப்பிகள், தமிழ்க் கையேடு. பெட்டியில் இருப்பது இவ்வளவுதான். இதில் காசுக்குத் தகுந்த சாமான் கடினத்தன்மை பாட்டில். டிடிஎஸ் மீட்டருக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம்.

அந்த மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு கெழுவால் பெருக்கிக் காட்டுகிறது. கிருமியும் பூச்சிமருந்தும் அதற்குத் தெரியாது. சரிபார்க்க 342 பிபிஎம் உப்புக் கரைசல் வேண்டும், அது பெட்டியில் இல்லை. சாப்ட்னர் வைத்தவர்கள் டிடிஎஸ் குறையவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது வழக்கம். சாப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. டிடிஎஸ் எப்படிக் குறையும்? அதைக் குறைப்பது ஆர்.ஓ. தான்.

கடினத்தன்மைக்கு வருவோம். கோடு வரை தண்ணீர் ஊற்றி, பஃபர் (பிஎச்சை 10 அளவில் நிறுத்தும் கரைசல்) சில சொட்டு விட்டு, நிறங்காட்டிப் பொடி போட்டால் ஒயின் சிவப்பு வரும். பிறகு இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஊதா வந்ததும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சிவப்புச் சாயலே இல்லாத சுத்த நீலம் வரும்வரை போக வேண்டும். இந்தப் பெட்டியில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் கணக்கு. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறிவிடும், நேராகப் பிடியுங்கள். பஃபரை மூடாமல் வைத்தால் அம்மோனியா பறந்துவிடும், பிஎச் 10-க்குக் கீழே இறங்கும், நிறம் தெளிவாகவே மாறாது. மூடியைத் திறந்ததும் காரமான நெடி வரவில்லையென்றால் புது பாட்டில் வாங்குங்கள்.

ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு 200, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை. கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் வெள்ளைக்கல் பூமி, அதாவது மக்னீசியம் உள்ள மேக்னசைட் கல். அங்கே மக்னீசியம் எவ்வளவு என்று தனியாகப் பார்ப்பது நல்லது. மொத்தக் கடினத்தன்மையில் கால்சியக் கடினத்தன்மையைக் கழித்து 0.243 ஆல் பெருக்கினால் மக்னீசியம் கிடைக்கும். மொத்தம் 520, கால்சியக் கடினத்தன்மை 200 என்றால் மக்னீசியம் ஏறக்குறைய 78 மில்லிகிராம். அதற்கு வரம்பு 30, வேறு வழியில்லாவிட்டால் 100. ஆனால் கால்சியம் பாட்டில் இந்தப் பெட்டியில் கிடையாது. சேலத்தில் விற்கும் பெட்டிக்கு இது பெரிய குறை.

காரத்தன்மை கூடினால் பிஎச்சும் அதே கணக்கில் கூடும் என்று கையேடு எழுதியிருக்கிறது. தப்பு. காரத்தன்மை என்பது அமிலத்தைத் தாங்கும் கொள்ளளவு, பிஎச் 7.5 உள்ள தண்ணீரிலும் அது 400 இருக்கலாம். இதையும் கடினத்தன்மையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடினத்தன்மை 520, காரத்தன்மை 300 என்றால் கொதிக்க வைத்து அதிகபட்சம் 300 தான் போகும், மீதி 220 அப்படியே நிற்கும். கெய்சர் காயிலில் பொருக்குத் தட்டுவது அந்த 300-ல் இருந்துதான்.

குளோரைடு பாட்டில் நன்றாக வேலை செய்கிறது.

புளோரைடு அட்டைதான் சுமார். 1-க்கும் 1.5-க்கும் நடுவே நிறம் பிரித்துச் சொல்வது கடினம். முடிவெடுக்க வேண்டியதும் அங்கேதான். மாநகராட்சித் தண்ணீரில் உள்ள குளோரின் சாயத்தை வெளுத்துவிடும். ஒரு சொட்டு தயோசல்பேட் விட்டு குளோரினைப் போக்கிவிட்டுச் சோதியுங்கள். 1-க்கு மேல் காட்டினால் ஆய்வகத்தில் உறுதி செய்யுங்கள். கொதிக்க வைத்தால் புளோரைடு குறையாது, தண்ணீர் வற்றுவதால் கூடும்.

கிருமிக் குப்பிக்கு முதலில் குழாய் வாயைத் துடைத்து, 2, 3 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, குப்பியின் வாயில் விரல் படாமல் கோடு வரை பிடிக்க வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் இது ஏமாற்றும். 30 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி மெதுவாகும், அதனால் கறுக்காத குப்பியை வைத்து நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. வெதுவெதுப்பான இடத்தில் வைத்து 48 மணி நேரம் முழுக்கப் பாருங்கள். கறுத்த குப்பியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைத்திருந்து பிறகு கொட்டுங்கள்.

ஜவ்வரிசி ஆலைக் கழிவோ காப்பிப் பழம் அலசிய தண்ணீரோ கிணற்றில் கலந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இந்தப் பெட்டி உதவாது. அதற்குப் பிஓடி, சிஓடி (தண்ணீரில் உள்ள கழிவு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்ற அளவுகள்) பார்க்க வேண்டும். பிஓடி சோதனைக்கு 27 டிகிரியில் 3 நாள் வைத்திருக்க வேண்டும், அது ஆய்வக வேலை. மாதிரியைக் காற்றுக் குமிழ் இல்லாமல் பாட்டில் நிறையப் பிடித்து, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

தனி வீட்டுக்கு இது அதிகம். மருந்து தீரும் முன்பே தேதி முடிந்துவிடும். அடுக்ககம், பள்ளிக்கூடம், அல்லது தெருவில் நாலு வீடு சேர்ந்து வாங்கலாம். பஃபர், நிறங்காட்டிப் பொடி, குப்பிகள் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.