பாலக்காட்டு எல்லையில் கோ-5 தீவனப்புல்: மூன்றாம் வருடத்துக்குப் பிறகும் விளைச்சல் குறையாமல் இருக்க

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்கள் பலருக்கும் பசுந்தீவனம் என்றால் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்தான். முதல் வருடம் யார் நட்டாலும் ஓங்கி வரும். மூன்றாம் வருடம் தூர் மெலிந்ததும் வயசாகிவிட்டது என்று பிடுங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் வயசு காரணமில்லை. அறுப்புக்கு அறுப்பு கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததுதான்.

நடவு எளிது. இரண்டு கணு உள்ள கரணை (தண்டுத் துண்டு), ஒரு கணு மண்ணுக்குள். இடைவெளி 60-க்கு 50 செ.மீ., ஏக்கருக்குச் சுமார் 13,300 கரணை. அடியுரமாகத் தொழு உரம் 10 டன், சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ, யூரியா 65 கிலோ. முப்பதாம் நாள் இன்னொரு 65 கிலோ யூரியா. நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை. கரிசலாக இருந்தால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்பே வடிகால் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கினால் தூர் அழுகும்.

முதல் அறுப்பு 75-80 நாளில், அடுத்தவை 45 நாளுக்கு ஒருமுறை. ஆகவே ஒரு ஏக்கரை 45 பட்டையாகப் பிரித்து, தினம் ஒரு பட்டை அறுப்பதே சரி. ஒரு பட்டை இரண்டேகால் சென்ட் வரும். அறுத்த பட்டைக்கு அன்றே ஒன்றரைக் கிலோ யூரியா போட்டு, உடனே தண்ணீர் கட்ட வேண்டும். மொத்தக் காட்டுக்கும் ஒரே நாளில் உரம் வீசினால், நாளைக்கு மாடு தின்னப் போகிற புல்லிலும் யூரியா விழும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக வறண்ட கீழ்க்காற்று வீசும். அப்போது ஈரமில்லாத மண்மேல் கிடக்கும் யூரியாவில் நல்ல பங்கு ஆவியாகிப் போகும்.

யூரியாவோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. இந்தப் புல் சாம்பல் சத்தை, அதாவது பொட்டாஷை, மண்ணிலிருந்து அள்ளிக்கொண்டு போகும். அடி இலைகளின் ஓரம் காய்ந்து, தண்டு சாய ஆரம்பித்தால் பொட்டாஷ் குறைவு என்று சந்தேகப்படலாம். இரண்டு அறுப்புக்கு ஒருமுறையாவது சென்டுக்குக் கால் கிலோ பொட்டாஷ் போட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. தொழுவக் கழிவுநீர் நல்ல உரம்தான், ஆனால் வாய்க்காலில் கலந்துதான் விட வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும். இங்குள்ள உப்புத் தண்ணீரில் சொட்டுவான்கள் ஏற்கெனவே சுண்ணாம்பு கட்டுகின்றன.

அறுக்கும்போது தரையிலிருந்து 10-15 செ.மீ. விட வேண்டும். மூன்று அறுப்புக்கு ஒருமுறை மண் அணைக்க வேண்டும், ஐந்தாறு அறுப்புக்கு ஒருமுறை காய்ந்த தூர்களைக் களைய வேண்டும்.

மாட்டுக்கு ஆபத்து இரண்டு. வாடி நின்ற புல், அதிலும் யூரியா போட்ட புல், நைட்ரேட்டைச் சேர்த்து வைத்திருக்கும். மழை பெய்ததும் அதை அறுத்துப் போடக் கூடாது. மூச்சுத் திணறலும் ஈறு பழுப்பு நிறமாவதும் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். இளம்புல்லில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் புல்லை மட்டும் போடாமல், மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசாலும் (பயறுவகைத் தீவனம்), தாது உப்புக் கலவையும் சேர்க்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, பெருத்த தூரைக் கடப்பாரையால் நான்காகப் பிளந்து ஒரு பங்கை மட்டும் விட்டு, மற்றதைக் காலி இடங்களில் நடலாம்.