பித்தவெடிப்புக்கு எது நிற்கும்? தேன்மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய்

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சேவைக்காலம் முடிந்தும் தேயிலைத் தோட்டத்தில் கைகாசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார். இலங்கை மலையகத்தில் எங்கள் நோர்வூட் பக்கம் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போகும்போது நனைகிற கால் மாலை கடைசிக் கொழுந்து நிறுவை முடியும்வரை காய்வதே இல்லை. போன வருஷம் ஜூலையில் ஒரு ராத்திரி அவர் மேஸை (காலுறையை) கழற்றியபோது துணி குதிகாலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெடிப்புக்குள் இரத்தம். கையிலும் அப்படித்தான். பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கோடு கோடாகப் பிளந்து, அதற்குள் தேயிலைக் கறை இறங்கியிருந்தது. எந்தச் சவர்க்காரத்துக்கும் அந்தக் கறுப்பு அசையாது.

அன்றைக்குத்தான் எதைப் பூசினால் உண்மையிலேயே பலன் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மூன்று கிழமை, அம்மாவின் வலது காலுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி, இடது காலுக்கு நானே காய்ச்சிய தேன்மெழுகுக் களிம்பு. தேங்காய் எண்ணெயை அதற்கு முன் வருஷக்கணக்காகப் பூசிப் பார்த்தாகிவிட்டது.

அந்த எண்ணெயைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்துவிடும். எங்கள் பக்கம் காலையில் போத்தலை அடுப்படியில் வைத்தால்தான் இளகும். ராத்திரி பூசிப் படுக்க நல்லது, தோல் மிருதுவாகும். ஆனால் சீக்கிரம் ஊறிவிடும். ஈரத்தில் இறங்கினால் மேலே ஒன்றும் மிஞ்சாது.

பெட்ரோலியம் ஜெல்லியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தோலின் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து வைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. 1872இல் காப்புரிமை பெற்ற பொருள் இன்றைக்கும் கடைகளில் நிற்பது சும்மா இல்லை. வருஷக்கணக்கில் கெடாது, வாசமில்லை, சந்தியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். வீட்டிலேயே இருக்கிற ஆளுக்கு, மேஸ் போட்டுக்கொண்டு படுக்கிற ஆளுக்கு, அதுவே போதும்.

ஆனால் நாங்கள் தேடியது நாள் முழுக்க நனைந்தாலும் காலில் தங்குகிற ஒன்றை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது அங்கேதான். ஜெல்லி தண்ணீருக்குக் கரையாது, உண்மைதான். ஆனால் உடம்புச் சூட்டில் அது குழைவாகவே இருக்கும். பூட்ஸுக்குள் கால் உராய உராய மேஸுக்குப் போய்விடும். தேன்மெழுகு உருக 62 பாகைக்கு மேல் சூடு வேண்டும். எண்ணெயில் கலந்து பூசினால், எண்ணெய் தோலில் இறங்க, மெழுகு மேலே மெல்லிய தோல் மாதிரி இறுகி நிற்கிறது. மூன்றாம் நாள் மாலை அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக் காட்டினார்.

“வலது காலுல பூசினது மொத நிறுவைக்கே போயிருச்சு புள்ள. இடது கால தொட்டுப் பாரு, இன்னும் வழுவழுன்னு இருக்கு.”

தொட்டுப் பார்த்தேன். குதிகாலின் விளிம்பில் விரலை வைத்தால் மெழுகு தட்டுப்பட்டது. அதன்மேல் விழுந்த தண்ணீர் சேம்பிலையில் போல உருண்டு ஓடியது. இரண்டாம் கிழமை முடிவில் இடது காலில் இரத்தம் வருவது நின்றது. வலது காலும் தேறிக்கொண்டுதான் வந்தது, ஆனால் அதற்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தடவை பூச வேண்டியிருந்தது. மலையில் நின்றுகொண்டு, சேற்றுக் காலைக் கழுவித் துடைத்து, மறுபடி பூச யாருக்கு நேரம் இருக்கிறது? காலையில் ஒருமுறை பூசினால் மாலைவரை நிற்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி. அதனால்தான் நான் மெழுகின் பக்கம்.

செய்முறை பெரிய வித்தையில்லை. மெழுகு 20 கிராம், தேங்காய் எண்ணெய் 60 கிராம், நல்லெண்ணெய் 60 கிராம். வெறும் தேங்காய் எண்ணெயில் காய்ச்சினால் எங்கள் குளிருக்குக் கல்லாகிவிடுகிறது. பாதிக்கு நல்லெண்ணெய் சேர்த்த பிறகுதான் விரலுக்கு வந்தது. கீழே சூடான ஊர்களில் இருப்பவர்கள் மெழுகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். மெழுகை நேரே நெருப்பில் வைக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். சட்டியில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் கிண்ணத்தை இறக்கி மெதுவாக உருக்க வேண்டும். களிம்புக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது, எடுக்கிற விரலும் காய்ந்திருக்க வேண்டும். நல்லெண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் மூன்று நான்கு மாதத்துக்குமேல் ஒரு டப்பாவை வைத்திருப்பதில்லை. இந்தப் பராமரிப்பில் ஜெல்லிதான் ஜெயிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

சிக்கல் மெழுகு கிடைப்பதில்தான். எனக்குப் பண்டாரவளையில் ஒரு மாமா இருக்கிறார், நாலைந்து தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். டர்பன்டைன் மரம் என்று நாம் சொல்கிற யூகலிப்டஸ் பூக்கிற காலத்தில் அவருக்குத் தேன் நிறைய. பிழிந்த அடையை முன்பெல்லாம் வீசிவிடுவார். ஒரு கிலோ மெழுகு கட்ட ஆறேழு கிலோ தேனையாவது தேனீ செலவழிக்கிறது என்று படித்த பிறகு, வீசாமல் எடுத்து வைக்கச் சொன்னேன். அடையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஆறவிட்டால், மஞ்சள் தட்டாக மேலே மிதக்கும். அடியில் ஒட்டிய கறுப்பைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மிச்சத் தண்ணீரைக் கானில் ஊற்றாதீர்கள், மெழுகு இறுகி அடைத்துக்கொள்ளும்.

காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பரஃபின் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மெழுகில் தேன் வாசம் இருக்கும், உடைத்தால் உடைந்த இடம் மணல் மணலாகத் தெரியும். நாள்பட்டு மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், துணியால் துடைத்தால் போய்விடும். தேனீ வளர்க்கவே ஆசை இருந்தால், பண்டாரவளை பிந்துனுவெவையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. ஆனால் மெழுகுக்காக யாரும் மலைத்தேனீக் கூட்டில் கைவைக்க வேண்டாம். தோட்டத்தில் ‘குளவி கொட்டு’ என்று வருகிற செய்திகளில் பலவற்றில் கொட்டியது சிங்களத்தில் பம்பர என்கிற அந்தத் தேனீதான். அதற்கு எத்தனை உயிரைக் கொடுத்திருக்கிறோம் என்று நமக்குத் தெரியும்.

எதற்குப் பூசக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விரலிடுக்கில் வருகிற சேற்றுப்புண்ணுக்கு மெழுகும் வேண்டாம், ஜெல்லியும் வேண்டாம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூஞ்சை இன்னும் பரவும். அதைக் காயவைத்து, அதற்குரிய மருந்தைப் பூச வேண்டும். சுத்தம் செய்யாத மெழுகில் இருக்கிற தேனீப் பிசின் சிலருக்கு ஒவ்வாது, முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்கள். அட்டைக்கும் இது தடுப்பல்ல. அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் பூசுகிற பழக்கம் தோலை இன்னும் வறளவைக்கிறது என்பதால், அம்மா அதைக் கெண்டைக்காலோடு நிறுத்திக்கொண்டு குதிகாலுக்குக் களிம்பை வைத்துக்கொள்கிறார். நீரிழிவு உள்ளவர்களின் வெடிப்புக்கு வீட்டு வைத்தியமே வேண்டாம், நேரே கிளினிக்தான். கரப்பான் என்கிற தோல் நோய்க்கு இது கேட்குமா என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலும் பக்கத்து லயன் காம்பராவில் (வீட்டறையில்) இருக்கிற இரண்டு பேரிடமும் பார்த்ததை வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தேனைப் பற்றியும் கேட்கிறார்கள். இருமலுக்கு, படுக்கப் போகுமுன் ஒரு கரண்டி தேன் தொண்டைக்கு இதம் தரும். சிறுவர்களின் இருமல் பற்றிய 2001ஆம் ஆண்டு அறிக்கையில் உலக சுகாதார நிறுவனமும் தேனைச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளியும் கூடாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து உடம்பையே தளரவைத்துவிடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பாட்டிமாரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

சுட்ட புண்ணுக்குத் தேன் ஒரே ஒரு தடவை வைத்திருக்கிறேன், அதுவும் நகக்கண் அளவு. இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் பிடித்த பிறகு வைத்தது, தழும்பில்லாமல் ஆறியது. ஆற்றியது தேனா தண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வைத்தியசாலையில் பயன்படுகிற தேன் கதிர்வீச்சால் கிருமி நீக்கியது. நம் போத்தல் தேன் அப்படியல்ல.

வீட்டு வேலையில் மெழுகைத் தரைக்கு விரயம் செய்யாதீர்கள். சீமெந்துத் தரைக்கு டின்னில் வருகிற சிவப்புப் பொலிஷே போதும். மரப்பலகைக்கும் தேங்காய் துருவியின் கட்டைக்கும் இந்தக் களிம்பையே தேய்க்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் டப்பாவைச் சீக்கிரம் காலி செய்வது அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திதான். கழுவித் துடைத்து, அலகில் மெல்லப் பூசி, சாக்கில் சுற்றி வைக்கிறார். இந்த மழைக்கு இன்னும் துருப்பிடிக்கவில்லை. மாமா அடுத்த அடை எடுக்கும்வரை மிச்சமிருக்கிற அரை டப்பாவை அம்மா அப்பாவின் கண்ணில் படாமல் தலையணை ஓரத்தில் வைத்திருக்கிறார்.