கம்மின்ஸ் டீசல் டிரக்குக்கு பிளாக் ஹீட்டர்: வின்னிபெக் குளிரில் ஒரு மதிப்புரை

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது புதிதல்ல. அந்தக் குளிரில் இரவு முழுவதும் வெளியே நின்ற டீசல் பிக்கப் டிரக்கைக் காலையில் கிளப்புவதற்கு முன் என்ஜினைச் சூடேற்ற இந்த ஊர் கண்டுவைத்திருக்கும் மலிவான வழி, வண்டியின் முகப்புக் கிரில்லிலிருந்து தொங்கும் ஒரு மின்வயர்தான். 6.7 லிட்டர் கம்மின்ஸ் என்ஜின் பூட்டிய ராம் டிரக்கில் நான் பயன்படுத்தும், என்ஜினை மின்சாரத்தால் சூடாக்கும் 750 வாட் பிளாக் ஹீட்டரையும், அதனுடன் வாங்கிச் சேர்த்த வயரையும் டைமரையும் பற்றியது இந்த மதிப்புரை. வயருக்கும் டைமருக்கும் ஆகும் செலவு, ஒரு முறை டாங்கியை நிரப்பும் டீசல் செலவுக்குள் அடங்கிவிடும்.

வண்டியை அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் நம்மவர்களில் அதிகம். நம் ஊர் லாரி நிறுத்தங்களில் விடியற்காலையில் என்ஜின்கள் உறுமிக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பான கேள்விதான். ஆனால் அங்கே அந்தக் காத்திருப்புக்கு ஏர் பிரேக் டாங்கியில் காற்று ஏற வேண்டும் என்ற வலுவான காரணம் உண்டு. ஹைட்ராலிக் பிரேக் கொண்ட பிக்கப் டிரக்குக்கு அது பொருந்தாது. மேலும், சுமையில்லாமல் ஓடும் டீசல் என்ஜின் மிகக் குறைந்த எரிபொருளைப் பெருமளவு காற்றுக்கு நடுவே எரிப்பதால், கடுங்குளிரில் நெடுநேரம் ஓடினாலும் முழு வெப்பநிலையை எட்டாது. அரைகுறையாக எரிந்த டீசல் சிலிண்டர் சுவரில் படிந்து எண்ணெயில் கலக்கிறது. புகைபோக்கியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் கரி சேர்கிறது. எரிபொருள் வீணாவதைவிட இந்த இரண்டும்தான் பெரிய இழப்பு.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் அழுத்தும் காற்றின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்ற வேண்டும். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு என்ஜின் உறைந்து கிடக்கும்போது, அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைச் சிலிண்டர் சுவரே உறிஞ்சிவிடுகிறது. 2025 மாடலுக்கு முந்தைய ராம் டிரக்கின் கம்மின்ஸ் என்ஜினில், சிலிண்டருக்குள் சூடேறும் குளோ பிளக்குகளுக்குப் பதிலாக, உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர் இருக்கிறது. அது நன்றாகவே வேலை செய்கிறது என்றாலும், அது சூடாக்குவது காற்றை மட்டுமே. இரும்பைச் சூடாக்குவது பிளாக் ஹீட்டரின் வேலை.

கருவியின் அமைப்பு மிக எளியது. என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் அறைக்குள் நீண்டிருக்கும் ஒரு மின்சூடேற்றி, அவ்வளவுதான். சூடான கூலன்ட் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். பம்ப் எதுவும் தேவையில்லை. பிளக்கைச் சொருகியதும் கிரில்லுக்கு அருகில் காதை வைத்தால், சூடேற்றியைச் சுற்றிக் கூலன்ட் சன்னமாகச் சீறுவது கேட்கும். ஹீட்டர் வேலை செய்கிறதா என்பதை அறிய அந்தச் சத்தமே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 230 கிலோமீட்டரில், அமெரிக்க எல்லைக்கு அப்பால் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்து ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949ஆம் ஆண்டு இத்தகைய ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். சிலிண்டர் ஹெட்டின் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சூடேற்றியை இறக்குவது அவருடைய முறை. இந்தச் சமவெளியின் குளிரை அனுபவித்த ஒருவருக்குத்தான் அந்த யோசனை வந்திருக்க முடியும்.

பலன் கிளப்பும்போதே தெரிகிறது. ஹீட்டர் போடாத காலையில் ஸ்டார்ட்டர் முனகி முனகிச் சுற்றும், வெள்ளைப் புகை எழும், என்ஜின் சில நிமிடங்கள் தடதடக்கும். ஹீட்டர் போட்ட காலையில் கோடைக்காலம் போலவே சட்டென்று பிடித்துக்கொள்கிறது. கேபினுக்குள் வெதுவெதுப்பான காற்றும் முன்னதாகவே வருகிறது. பேட்டரிக்கு இது பேருதவி, ஏனென்றால் மைனஸ் 18 டிகிரியிலேயே அதன் கிளப்பும் வலு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.

இரவு முழுவதும் சொருகி வைப்பதில் பயனில்லை. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, உள்ளே போகும் வெப்பமும் வெளியே கசியும் வெப்பமும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. மூன்று மணி நேரத்துக்கு 2.25 யூனிட் மின்சாரம். இங்குள்ள மானிட்டோபா மாகாணக் கட்டணத்தில் அது கால் டாலரை ஒட்டி வரும். எனவே வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று செய்த டைமரை வாங்கி, புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி முன்னதாக ஓடும்படி வைப்பதே சரி. அலுவலக வாகன நிறுத்தங்களில் மட்டும் கவனம் வேண்டும்: சில இடங்களில் மின்சாரம் விட்டுவிட்டு வரும்படி அமைத்திருப்பார்கள், அங்கே டைமரையும் சேர்த்தால் என்ஜினுக்குப் போதிய சூடு கிடைக்காது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதற்குறை, இது கூலன்ட்டைத்தான் சூடாக்குகிறது. அடியில் எண்ணெய்த் தொட்டியில் கிடக்கும் எண்ணெய்க்கு அந்தச் சூடு சிறிதளவே இறங்குகிறது. மைனஸ் 18க்குக் கீழே குளிரில் கெட்டியாகிவிடும் 15டபிள்யூ-40 எண்ணெயை வைத்துக்கொண்டு ஹீட்டரை மட்டும் நம்புவது தவறு; குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-40 சிந்தெடிக் எண்ணெய் அவசியம், தேவைப்பட்டால் தொட்டியின் அடியில் ஒட்டும் சூடேற்றும் பட்டையும் போடலாம். டாங்கியில் உள்ள டீசலையும் இது தொடுவதில்லை. டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டி அடைத்துக்கொண்டால் பிளாக் ஹீட்டரால் ஒன்றும் ஆகாது, குளிர்கால டீசலைத்தான் நிரப்ப வேண்டும்.

இரண்டாவது குறை வயர். பல டிரக்குகளில் சூடேற்றி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கும், வயரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். என் வயரைப் பொருத்திய பணிமனையில் அதை என்ஜின் பக்கத்து இணைப்பில் முழுவதுமாக அழுத்திப் பூட்டாமல் விட்டுவிட்டார்கள். சாலை உப்பு ஈரம் உள்ளே புகுந்து முனைகள் பச்சை பூத்துவிட்டன. தளர்வான இணைப்பு சூடாகி உருகவும் கூடும் என்பதால், பொருத்தும்போது ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, கிளிப் பூட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். வீட்டிலிருந்து இழுக்கும் எக்ஸ்டென்ஷன் வயரும் குளிரில் விறைத்து வெடிக்காத, தடிமனான வகையாக இருக்கட்டும். 750 வாட் ஹீட்டர் இழுப்பது ஏறத்தாழ 6 ஆம்பியர் மட்டுமே. ஆனால் பெரிய லாரிகளின் 1,500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும், அதை மெல்லிய வயரில் சொருகுவது ஆபத்து. வயரைக் கழற்றாமல் புறப்பட்டுவிடாமலிருக்க, அதன் நடுப்பகுதியை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் மாட்டிவைக்கும் பழக்கம் இங்கே உண்டு, நல்ல பழக்கம்.

என்ஜின் சூடாக இருப்பதால் வண்டி முழுவதும் சூடாகிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. கியர் பெட்டி, அச்சு, சக்கர பேரிங் எல்லாவற்றிலும் எண்ணெய் இன்னும் கெட்டியாகவே இருக்கும். கிளப்பி, எண்ணெய் அழுத்தம் நிலைத்ததும், ஓரிரு நிமிடத்தில் புறப்பட்டு, முதல் சில கிலோமீட்டர்களை மிதமான வேகத்தில், ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டினால் எல்லாம் சேர்ந்தே சூடேறும். கிரில்லுக்குக் குளிர்கால உறை போட்டால் அந்தச் சூடு தங்கும்.

மின்சாரம் எட்டாத இடத்தில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு இந்தக் கருவி உதவாது. நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள் வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் டீசலில் எரியும் கூலன்ட் ஹீட்டரைப் பார்க்கலாம். 5 கிலோவாட் வகை முழு வேகத்தில் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் டீசல் குடிக்கும், எண்ணெய் தவிர என்ஜின் முழுவதையும் விரைவாகச் சூடாக்கும். ஆனால் பொருத்தும் கூலியோடு ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும்; கோடையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டுப் பராமரிக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் சாக்கெட் உள்ளவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

பழைய டிரக் வாங்குபவர்கள் ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் மல்டிமீட்டரால் சோதித்துக்கொள்ளலாம். மின்சாரத்தில் சொருகாத நிலையில் பிளக்கின் இரு தட்டை முனைகளுக்கிடையே 19 ஓம் அளவில் காட்டினால் 750 வாட் சூடேற்றி நலமாக இருக்கிறது. முடிவிலி காட்டினால் வயரோ சூடேற்றியோ அறுந்திருக்கிறது. அப்போது முதலில் வயரைக் கழற்றிச் சூடேற்றியை மட்டும் அளந்து பாருங்கள், பெரும்பாலும் பழுது வயரில்தான் இருக்கும்.