பெயில் பாண்டில் கையெழுத்துப் போடுமுன்: கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நள்ளிரவில் போன் வருகிறது. தம்பியோ, அறை நண்பரோ கவுன்ட்டி ஜெயிலில் இருக்கிறார். பெயில் 50,000 டாலர். கூகுளில் முதலில் வந்த பெயில் ஏஜென்டைக் கூப்பிட்டால், "ஒரு சதவீதம் போதும், 500 டாலர் கட்டுங்கள், விடியும் முன் வெளியே எடுத்துவிடலாம்" என்கிறார். போனுக்கு ஒரு லிங்க் வருகிறது. படிக்காமல் விரலால் கையெழுத்துப் போட்டாகிறது. மூன்றாம் நாள் அரசு வழக்கறிஞர் வழக்கே தொடரவில்லை என்று தெரிகிறது. அடுத்த மாதம் பாக்கி 4,500 டாலர் எங்கே என்று கடிதம் வருகிறது. ஏமாந்தவர்கள் சொல்வதெல்லாம் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் இருக்கிறது.

"வழக்கே இல்லையே, பிறகு எதற்குப் பணம்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. முழு 50,000 டாலரையும் நீங்களே ரொக்கமாகக் கட்டினால், அவர் எல்லா வாய்தாவுக்கும் ஒழுங்காக வந்தால், வழக்கு முடிந்ததும் பணம் திரும்பும். ஏஜென்ட் வழியாகப் போனால் நடப்பது வேறு. அவருக்குப் பின்னால் இருக்கும் ஷூரிட்டி இன்சூரன்ஸ் கம்பெனி, அவர் வாய்தாவுக்கு வருவார் என்று நீதிமன்றத்துக்கு உறுதி கொடுக்கிறது. இதுதான் பாண்ட். அந்த உறுதிக்கான பிரீமியம்தான் நீங்கள் கொடுப்பது. ஆள் ஜெயிலை விட்டு வெளியே வந்த நிமிடத்தில் அந்தப் பிரீமியம் அவர்களுடையதாகிவிடுகிறது. வழக்கு தள்ளுபடியானாலும், குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலும் அது திரும்பாது.

கலிபோர்னியாவில் பிரீமியம் ஏஜென்ட் இஷ்டத்துக்குச் சொல்லும் விலை அல்ல. ஒவ்வொரு ஷூரிட்டி கம்பெனியும் மாநில இன்சூரன்ஸ் துறையிடம் பதிவுசெய்து ஒப்புதல் பெற்ற விகிதம். வழக்கமாக 10 சதவீதம். சொந்தமாக வக்கீல் வைத்திருந்தால் 8 சதவீதம் என்று பதிவுசெய்த கம்பெனிகளும் உண்டு. அதனால் "ஒரு சதவீதம்" என்று யாராவது சொன்னால் அது முன்பணம் மட்டுமே, மீதி ஒன்பது உங்கள் தலையில் கடன். நேராகக் கேளுங்கள்: "மொத்தப் பிரீமியம் எவ்வளவு, இன்று எவ்வளவு, பாக்கிக்கு வட்டி உண்டா?" பதில் எழுத்தில் வரட்டும். ஆண்டுதோறும் பிரீமியத்தைப் புதுப்பிக்கக் கேட்பவரிடமும் போகாதீர்கள். ஒரு பெயிலுக்கு ஒரே பிரீமியம்தான் என்கிறது இந்த மாநிலச் சட்டம்.

இனி கோ-சைனர், அதாவது கூடவே கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பவர். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து" என்று சொல்லி ஆபீஸ் நண்பர்கள் மூவரிடம் வாங்குவார்கள். அது சாட்சிக் கையெழுத்தே இல்லை. மூவரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொருவரிடமும் முழுத் தொகையையும் கேட்கும்படிதான் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கும். ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் நீதிமன்றம் பாண்டைப் பறிமுதல் செய்யும். அவரைக் கொண்டுவந்து நிறுத்த 180 நாள் அவகாசம் உண்டு, நோட்டீஸ் தபாலில் வந்தால் 185. அதற்குள் ஆகாவிட்டால் 50,000 டாலர் முழுவதும் கோ-சைனர் மேல் விழும், தேடிய செலவும் சேர்த்து. (ஒரு வாய்தா தவறிவிட்டால் ஒளிந்துகொள்ளாமல் அன்றைக்கே வக்கீலையும் ஏஜென்டையும் கூப்பிட்டால், பாண்டை மீட்டெடுக்கப் பெரும்பாலும் வழி இருக்கிறது.)

பிரீமியத்தைத் தவணையில் கட்டும் ஒப்பந்தம் நுகர்வோர் கடன் ஒப்பந்தம்தான் என்று கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அதாவது, கடனுக்கு நீங்களும் பொறுப்பு என்று எச்சரிக்கும் கோ-சைனர் அறிவிப்பைக் கையெழுத்துக்கு முன் தந்திருக்க வேண்டும். அது தரப்படவில்லை என்றால், பாக்கிப் பிரீமியத்தை உங்களிடம் வசூலிக்க முடியாது என்று வாதிடலாம். இப்போது வசூல் கடிதங்களோடு தவிப்பவர்கள் முதலில் பழைய தாள்களில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏஜென்டைத் தேர்வு செய்யும்போது அழகான வலைத்தளத்தைப் பார்க்காதீர்கள். லைசென்ஸ் எண்ணை வாங்கி, இன்சூரன்ஸ் துறையின் தளத்தில் போட்டு, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஷூரிட்டி கம்பெனி எது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஜெயிலிலும் நீதிமன்றத்திலும் ஏஜென்ட்கள் வாடிக்கையாளர் பிடிப்பது சட்டவிரோதம். உள்ளே இருக்கும் கைதிகளுக்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்கச் சொல்வதும் அப்படியே. நீங்கள் கூப்பிடாமலே உங்களைக் கூப்பிடுபவர் யாராக இருந்தாலும் போனை வையுங்கள். கிஃப்ட் கார்டிலோ கிரிப்டோவிலோ பணம் கேட்டால் அது ஏஜென்டே இல்லை, மோசடி. யார் ஜெயிலில் இருக்கிறார் என்பது பொதுத் தகவல். புக்கிங் எண் (ஜெயிலில் கைதிக்குத் தரும் பதிவு எண்) சொல்வதால் மட்டும் ஒருவரை நம்பிவிட வேண்டாம்.

அதைவிட முக்கியம், ஏஜென்ட் தேவையா என்பதே. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் வராது. அங்கே நீதிபதி பெயிலைக் குறைக்கலாம், பணம் கட்டச் சொல்லாமல் சொந்தப் பொறுப்பிலேயே விடலாம். பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை உள்ளே வைக்கக் கூடாது என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. ஓரிரு நாள் பொறுத்தால் 5,000 டாலர் மிச்சமாகலாம். உடல்நலமோ வேலையோ பொறுக்க விடாது என்றால் அது வேறு. முதலில் வக்கீலைக் கூப்பிடுங்கள், பிறகு ஏஜென்டை. ஜெயில் போனில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், எல்லாம் பதிவாகிறது.

இல்லினாய், கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் பெயில் ஏஜென்ட் தொழிலே கிடையாது. அங்கே யாராவது பெயில் ஏஜென்ட் என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கைதானவர் மேல் குடியேற்றத் துறையின் ஹோல்ட் (விடும்போது தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லும் கோரிக்கை) இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். இருந்தால், பெயில் கட்டியதும் அவர் வீட்டுக்கு வராமல் குடியேற்றக் காவலுக்குப் போக நேரலாம். பிரீமியம் மட்டும் போய்விடும். குடியேற்றக் காவலிலிருந்து வெளியே வரக் கட்டும் குடியேற்ற பாண்ட் முற்றிலும் வேறு, குறைந்தது 1,500 டாலர். அடமானமாகப் பாஸ்போர்ட் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து.

நகை, கார், வீடு என்று எதை ஈடாக வைத்தாலும் எழுத்தில் ரசீது வாங்குங்கள். வழக்கு முடிந்ததும் பாண்ட் விடுவிக்கப்பட்டது என்ற நீதிமன்றத் தாளின் நகலை ஏஜென்டிடம் கொடுத்து, ஈடு திரும்பியதற்கும் எழுத்து கேளுங்கள். வீடு வைத்திருந்தால், அடமானம் நீங்கிய பத்திரம் கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் செய்திருப்பார் என்று விட்டுவிட்டால், வீட்டை விற்கப் போகும் நாளில்தான் அடமானம் அப்படியே நிற்பது தெரியவரும்.