மடக்குக் கிண்ணம் சரி, மடக்குச் சட்டி?

மலையேற்றப் பையில் இடம் மிச்சமாகும் என்று கிண்ணம், சட்டி இரண்டையும் ஒரே செட்டாக வாங்குபவர்கள் அதிகம். கிண்ணம் பெரும்பாலும் ஏமாற்றாது. சட்டியில்தான் யோசிக்க வேண்டும்.

சீ டு சம்மிட் நிறுவனத்தின் எக்ஸ்-பௌல் என்ற மடக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 650 மி.லி., எடை ஏறக்குறைய 80 கிராம். பக்கம் சிலிகான், அடி நைலான். மடக்கினால் தட்டு மாதிரி ஆகிவிடும். அடியில் வெங்காயம்கூட நறுக்கலாம். அடுப்பில் மட்டும் ஏற்றக் கூடாது. சூடான கஞ்சியோடு விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் பக்கம் மடிந்து கையில் கொட்டும், அடியைத் தாங்கித்தான் எடுக்க வேண்டும்.

இதன் பெரிய குறை வாசனை. சிலிகான் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ராத்திரி பூண்டு ஊறுகாய் போட்டுத் தின்றால் காலை டீயில் அது தெரியும். வாசனை சோப்பும் அப்படித்தான். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் குறையும். மஞ்சள் கறைக்கு நல்ல வெயிலே போதும், வெளுத்துவிடும். டீக்குத் தனி டம்ளர் வைத்துக்கொள்வது உத்தமம்.

மடக்குச் சட்டிக்கு அடி அலுமினியம், பக்கம் சிலிகான். தீ அடியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. சிலிகான் தாங்குவது இருநூற்றுச் சொச்சம் டிகிரி. கேஸ் தீயின் சூடு அதைப் போல பல மடங்கு. மலையில் காற்றடித்தால் தீ சாய்ந்து பக்கத்தை நக்கும். அதற்காகச் சுற்றிலும் தகடு வைத்து மூடினால், சிலிண்டர் தலையில் திருகும் அடுப்பில் சிலிண்டரே சூடேறி வெடிக்கலாம். பாறை மறைவில், மிதமான தீயில் வையுங்கள். விறகு அடுப்பு வேண்டவே வேண்டாம். உப்புமா கிளறினாலும் சிக்கல்தான்: அடி பிடிக்கும், கரண்டி பட்டால் பக்கம் நெளியும்.

இடக் கணக்கையும் பார்க்க வேண்டும். டோக்ஸ் நிறுவனத்தின் 750 மி.லி. டைட்டானியம் பாத்திரம், மடக்காத வகை, மூடியோடு 100 கிராம் அளவில்தான் இருக்கிறது. அதற்குள் 110 கிராம் கேஸ் பிடிக்கும் சின்ன சிலிண்டரை வைத்துவிடலாம். (சிலிண்டரை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற விடமாட்டார்கள், போகும் ஊரில் வாங்குங்கள்.) ஆக, தனியாகப் போகிறவருக்கு மடக்குச் சட்டியால் மிச்சம் ஒன்றுமில்லை.

மூன்று நான்கு பேர் என்றால் கதை வேறு. 2.8 லிட்டர் கெட்டிப் பாத்திரம் பையில் நிறைய இடத்தை விழுங்கும். அங்கே மடக்குச் சட்டி வாங்கலாம். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு லேசில் வேகாது. எப்படியும் வெந்நீர் வைத்து அவலோ சேமியாவோதான். வெந்நீருக்கு இந்தச் சட்டி போதும்.

வாங்கியதும் தண்ணீர் நிரப்பி, சிலிகானும் அலுமினியமும் சேரும் இடத்தில் கசிகிறதா பாருங்கள். கழுவியபின் ஈரத்தோடு மடக்கினால் மடிப்பில் பூஞ்சை பிடிக்கும்.